சர்வருக்கு விலையுயர்ந்த நெட்வொர்க் கார்டு தேவையா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டில் மசாலாப் பொருள்களை மொத்தமாக விற்கும் நிறுவனம் ஒன்றின் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் அன்பர் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் இரண்டு சர்வர்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 60 பேர் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கிளை உண்டு. காலை பத்து மணிக்கு மேல் கணக்கு மென்பொருள் தவழத் தொடங்குகிறது. இரவில் ஓடும் பேக்கப், விடிந்து ஆட்கள் வேலைக்கு வந்த பிறகும் முடிவதில்லை. சர்வரை விற்றவர், ஒவ்வொன்றிலும், சர்வரைக் கம்பி வழியே மற்றக் கணினிகளோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டில் உயர்திறன் வகை ஒன்றைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி, கார்டு ஒன்றுக்கு 18,000 ராண்ட் விலை கூறியிருக்கிறார். மதர்போர்டிலேயே நான்கு கிகாபிட் போர்ட்டுகள் இருக்கும்போது இந்தச் செலவு தகுமா என்பது அவருடைய கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. விலையுயர்ந்த கார்டுக்கும் மலிவான கார்டுக்கும் உண்மையில் வேறுபாடு உண்டா என்பது ஒன்று. அந்த வேறுபாடு உங்கள் தாமதத்தைத் தொடுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை, உண்டு, சில வேலைகளில் மிகப் பெரிய வேறுபாடே உண்டு என்பதாகும். இரண்டாவதற்கு விடை, கணக்கு மென்பொருளைப் பொறுத்தவரை அநேகமாக இல்லை. பேக்கப்பைப் பொறுத்தவரை ஆம், ஆனால் அதற்கு 18,000 ராண்ட் தேவையில்லை. ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நான் டர்பனில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்வர் அறைகளில் வேலை செய்துவருகிறேன். முதலில் ஓர் இணைய இணைப்பு நிறுவனத்தில், பிறகு துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளுக்கும் மருந்து விநியோகக்காரர்களுக்கும். ஆகையால் நூறு, இருநூறு பேர் பயன்படுத்தும் சர்வர்களைப் பற்றிச் சொல்வது கையால் செய்து அறிந்தது. பங்கு வர்த்தகக் கூடங்களில் நான் பணியாற்றியதில்லை. அவற்றைப் பற்றிக் கீழே சொல்லும் சில வரிகள் படித்தும் கேட்டும் அறிந்தவை. உங்கள் அறையை நான் பார்க்கவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். அளந்து பார்க்காமல் முடிவு செய்யக்கூடாத இடங்களை அங்கங்கே குறித்துவிடுகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத கணக்கைப் பார்ப்போம். கிகாபிட் இணைப்பு வினாடிக்கு 125 மெகாபைட் சுமக்கும். ஈதர்நெட், ஐபி, டிசிபி என்ற அனுப்பும் விதிமுறைகள் தரவோடு சேர்க்கும் தலைப்புகள் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு கோப்பின் உள்ளடக்கமாக மிஞ்சுவது ஏறத்தாழ 117 மெகாபைட். பெரிய கோப்பொன்றை நகலெடுக்கும்போது இன்றைய மலிவான கார்டும் இந்த எல்லையைத் தொட்டுவிடும். பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய கிகாபிட் கார்டும் இதே எல்லையில்தான் நிற்கும். தரவு பேக்கெட் என்ற துண்டுகளாகத்தான் கம்பியில் போகிறது; வேறுபாடு தெரிவது அந்தப் பேக்கெட்டுகள் சிறியவையாக இருக்கும்போது. முழு அளவுப் பேக்கெட்டுகளாக வந்தால் கிகாபிட் கம்பியில் வினாடிக்கு 81 ஆயிரத்துச் சொச்சம் வரும். மிகச் சிறிய 64 பைட் பேக்கெட்டுகளாக வந்தால் அதே கம்பியில் 14.88 லட்சம் வரும். 10 கிகாபிட்டில் அது 1.488 கோடி, அதாவது பேக்கெட் ஒன்றுக்குப் பிராசசருக்குக் கிடைக்கும் அவகாசம் 67 நானோ வினாடி. அந்த அவகாசத்துக்குள் வந்ததை எடுத்து, சரிபார்த்து, உரிய நிரலிடம் சேர்க்க வேண்டும். நல்ல கார்டு என்பது இந்தச் சுமையில் ஒரு பங்கைத் தானே தாங்கி, மீதியைப் பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பல கோர்களுக்குச் சீராகப் பிரித்துக் கொடுப்பது. வேகம் என்ற சொல் இதை மறைத்துவிடுகிறது.

'சர்வருக்கு எப்போதும் விலையுயர்ந்த கார்டே போடு' என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் ஒரு காலத்தில் அது முற்றிலும் சரியாகவே இருந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி எங்கு பார்த்தாலும் ரியல்டெக் 8139 என்ற 100 மெகாபிட் சில்லு இருந்தது. அனுப்ப வேண்டிய பேக்கெட்டுகளை வைக்க அதில் நான்கே நான்கு இடங்கள். வரும் பேக்கெட்டுகள் அனைத்தும் ஒரே நீண்ட பகுதியில் வந்து விழும், அவற்றை ஒவ்வொன்றாக வேறிடத்துக்கு நகலெடுப்பது பிராசசரின் தலையில். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கு அதன் டிரைவரை, அதாவது சில்லை இயக்கும் நிரலை, எழுதியவர், மட்டம் என்ற சொல்லுக்கே இந்தச் சில்லு புதுப் பொருள் கொடுத்துவிட்டது என்ற பொருள்பட நிரலுக்குள்ளேயே குறிப்பெழுதி வைத்தார். கார்டுகளை மதர்போர்டோடு இணைத்த அன்றைய பிசிஐ என்ற பொதுத் தடமும் மொத்தமாக வினாடிக்கு 133 மெகாபைட்தான் தாங்கும், அதையும் டிஸ்க்கோடு பங்கிட வேண்டும். அந்தச் சூழலில் இன்டெல் அல்லது 3காம் கார்டு ஒன்றைப் போட்டால் பிராசசர் மூச்சு விடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

பிறகு நிலைமை மாறியது. தரவு வழியில் பழுதாகவில்லை என்று காட்டும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுவது, பெரிய தரவைக் கார்டே துண்டு போடுவது, வந்த பேக்கெட்டுகளைப் பல வரிசைகளில் பிரித்து வெவ்வேறு கோர்களுக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் விலையுயர்ந்த கார்டுகளின் தனிச் சிறப்பாக இருந்தன. இன்று சர்வர் மதர்போர்டில் ஒட்டி வரும் சாதாரண கிகாபிட் சில்லிலும் இருக்கின்றன. இவற்றில் துண்டு போடும் வசதிதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் அதன் பலன் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியது. இயங்குதளம் 64 கிலோபைட் தரவை ஒரே மூட்டையாகக் கார்டிடம் கொடுக்கிறது. கார்டு அதை 1,448 பைட் வீதம் ஏறத்தாழ 45 பேக்கெட்டுகளாக நறுக்கித் தலைப்பிட்டு அனுப்புகிறது. 45 முறை நடந்து தீர வேண்டிய வழியைப் பிராசசர் ஒரு முறை நடந்தால் போதும். லினக்ஸ் பக்கத்தில், பேக்கெட் வந்த ஒவ்வொரு முறையும் பிராசசரைத் தட்டி எழுப்பாமல், சுமை கூடும்போது தொகுப்பாக எடுத்துக்கொள்ளும் நாப்பி என்ற முறையும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ஆக, பணம் கொடுத்து வாங்கிய பலன்களில் பெரும்பகுதி இப்போது இலவசமாகவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

இதே வரிசையில் தோற்றுப்போன ஒன்றையும் சொல்ல வேண்டும். டிசிபி வேலை முழுவதையும் கார்டே செய்துவிடட்டும் என்று ஒரு யோசனை இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கு விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் சிம்னி என்ற பெயரில் இடம் கொடுத்தது. லினக்ஸின் நெட்வொர்க் பகுதியைப் பராமரித்தவர்கள் 2005 வாக்கில் அதைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். கார்டுக்குள் பூட்டிய டிசிபியில் பாதுகாப்புக் குறை வந்தால் நாம் திருத்த முடியாது, ஃபயர்வால் விதிகள் அதைத் தொடாது, பிராசசரின் வேகம் ஆண்டுதோறும் கூடும்போது கார்டின் வேகம் வாங்கிய நாளிலேயே நின்றுவிடும் என்பவை அவர்களுடைய வாதங்களில் சில. சிம்னியும் பின்னர் கைவிடப்பட்டது. அந்த ஆண்டுகளில் சிம்னியைச் செயலிழக்கச் செய்தே எத்தனையோ சர்வர்களை நாங்கள் சரிசெய்தோம். 2006-இல் கணினி விளையாட்டு ஆடுபவர்களுக்காகக் கில்லர் என்ற கார்டு ஒன்று ஏறத்தாழ 280 டாலர் விலையில் வந்தது; அதற்குள் 400 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் அதில் ஓடும் ஒரு லினக்ஸும் இருந்தன. ஆட்டக்காரருக்கும் ஆட்ட சர்வருக்கும் இடையே பல பத்து மில்லி வினாடித் தொலைவு இருக்கும்போது, வீட்டு முனையில் மைக்ரோ வினாடிகளைச் செதுக்குவதற்கு அவ்வளவு ஏற்பாடு. உங்களுக்கு விலை கூறியவரின் வாதத்திலும் இதே சாயல் எனக்குத் தெரிகிறது.

சரி, 18,000 ராண்ட் கார்டு எதைத்தான் தருகிறது? அந்த விலைக்கு உங்களுக்குச் சொல்லப்பட்டது இரண்டு 25 கிகாபிட் போர்ட்டுகள் கொண்ட கார்டாகவே இருக்க வேண்டும். அதில் நூற்றுக்கணக்கான வரிசைகள் இருக்கும். ஒரே போர்ட்டைப் பல மெய்நிகர்க் கார்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு விர்ச்சுவல் மெஷினிடம், அதாவது ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனிக் கணினியிடம், நேரடியாக ஒப்படைக்கும் எஸ்ஆர்-ஐஓவி இருக்கும். பல விர்ச்சுவல் மெஷின்கள் அடைந்திருக்கும் சர்வரில் இது பிராசசருக்கு உண்மையான விடுதலை. ஒரு சர்வரின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்குப் பிராசசரை எழுப்பாமலேயே தரவைக் கடத்தும் ஆர்டிஎம்ஏ இருக்கும். விண்டோஸ் சர்வர் 2012 முதல் கோப்புப் பகிர்வும் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. பேக்கெட் வந்த நொடியை கார்டே முத்திரையிடும் வசதி இருக்கும். இவற்றில் எதையும் விற்பனைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. என்விஎம்இ என்ற அதிவேக டிஸ்க்குகள் நிறைந்த சேமிப்பு சர்வர்களை ஒன்றோடொன்று இணைப்பவருக்கும், சிறு பேக்கெட்டுகளைக் கோடிக்கணக்கில் கடத்தும் ஃபயர்வால் நடத்துபவருக்கும் அந்தக் கார்டு மலிவு என்றே சொல்வேன். ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தை 2014 முதல் தன் சொந்த டேட்டா சென்டரிலேயே வர்த்தகர்களின் சர்வர்களுக்கு இடம் கொடுக்கிறது. அங்கே இயங்குதளத்தையே தாண்டிக் கார்டோடு நேரடியாகப் பேசும் நிரல்களைக் கொண்டு ஓரிரு மைக்ரோ வினாடியை மிச்சம் பிடிப்பவர்களுக்கு அதைவிட விலை கூடிய கார்டும் கட்டுப்படியாகும். மசாலா மொத்த வியாபாரத்தில் அந்த மைக்ரோ வினாடிக்கு வாங்குபவர் இல்லை.

விலைப்பட்டியலில் இடம் பெறாத ஒரு பொருளுக்குத்தான் நான் கூடுதல் பணம் கொடுக்கத் தயங்குவதில்லை: டிரைவரும், கார்டுக்குள்ளேயே இருக்கும் நிரலான ஃபர்ம்வேரும். கார்டு வாங்கி ஐந்தாண்டு கழித்தும் அதற்குத் திருத்தங்கள் வருமா, உங்கள் இயங்குதளத்தின் அடுத்த பதிப்பிலும் அது ஏற்கப்பட்டிருக்குமா, விர்ச்சுவல் மெஷின் மென்பொருளின் ஒப்புதல் பட்டியலில் அதன் பெயர் உண்டா என்பவை வேகத்தைவிட முக்கியமானவை. பெயர் பெற்ற தயாரிப்பாளர் என்பதால் குறை வராது என்று இதற்குப் பொருளில்லை. 2008-இல் லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளில் இருந்த ஒரு பிழை, இன்டெல் கிகாபிட் சில்லுகள் சிலவற்றின் நிலைநினைவையே அழித்து அவற்றை ஊமையாக்கியது. 2013-இல் 82574எல் என்ற இன்டெல் சில்லு, குறிப்பிட்ட பைட் ஒன்று குறிப்பிட்ட இடத்தில் வந்தால் உறைந்து நிற்பதை ஒரு பொறியாளர் கண்டுபிடித்தார். மதர்போர்டு ஒன்றில் அதைத் தவறாக அமைத்திருந்ததே காரணம் என்று பின்னர் விளக்கம் வந்தது. அண்மையில் 2.5 கிகாபிட் ஐ225 சில்லின் முதல் பதிப்பு, சில சுவிட்சுகளோடு பேக்கெட்டுகளைத் தொலைத்தது. இவை எல்லாம் வெளியே தெரிந்து திருத்தமும் பெற்றதற்குக் காரணம், அந்தச் சில்லுகளை உலகெங்கும் ஏராளமானோர் பயன்படுத்தியதுதான். அரிதான, மிகப் புதிய கார்டை வாங்கினால் முதலில் கண்டுபிடிப்பவர் நீங்களாக இருப்பீர்கள்.

இனி உங்கள் கணக்கு மென்பொருளுக்கு வருகிறேன். முழு அளவுப் பேக்கெட் ஒன்றைக் கம்பியில் ஏற்றிவிட கிகாபிட் கார்டுக்கு 12 மைக்ரோ வினாடி ஆகும். 10 கிகாபிட்டுக்கு 1.2. இந்த மிச்சத்தை உங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளையின் தொலைவோடு ஒப்பிடுங்கள். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோ வினாடி எடுக்கிறது. டோங்காட்டிலிருந்து அங்கே சாலை வழியில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நேர் பாதையாக இருந்தால் போய்வர ஒரு மில்லி வினாடிக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் இரு முனைகளிலும் வெவ்வேறு இணைப்பு நிறுவனங்கள் இருந்தால் பேக்கெட் ஜோகன்னஸ்பர்க் வரை ஏறிப் போய்த் திரும்பி இறங்குவது இங்கே அரிதல்ல; அப்போது இழையில் மட்டுமே போய்வரப் பத்து மில்லி வினாடிக்கு மேல் போய்விடும். பழைய வகைக் கணக்கு மென்பொருள் ஒரு திரையைத் திறக்க டேட்டாபேஸிடம் 2,000 சிறு கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 முறை பத்து மில்லி வினாடி என்றால் 20 வினாடி. கார்டை மாற்றி ஒவ்வொரு கேள்விக்கும் 20 மைக்ரோ வினாடி மிச்சம் பிடித்தாலும் அந்த 20 வினாடியில் குறைவது 0.04 வினாடி. கிளையில் இருப்பவர்களுக்கு ரிமோட் டெஸ்க்டாப் அமைத்துக் கொடுத்தால், அந்த 2,000 கேள்விகளும் சர்வர் அறைக்குள்ளேயே முடிந்து, திரையில் தெரியும் படம் மட்டும் இழை வழியே போகும். அதற்குக் கார்டே வேண்டாம். பயனர் உரிமச் செலவு மட்டும் உண்டு.

தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் பத்து மணிக்கு மேல் தாமதம் என்றால் காரணம் வேறிடத்தில் இருக்க வேண்டும். எங்கே என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. எங்கே தேடுவது என்று மட்டும் சொல்லலாம். அதற்கு முன் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்கு அருகில் ஒரு துணி இறக்குமதிக் கிடங்கில் இதே முறையீடு வந்தது. அளந்து பார்க்காமல் நானே 10 கிகாபிட் கார்டுகளைப் பரிந்துரைத்தேன். கார்டுகள் வந்தன, போட்டோம், முதலாளி திருப்தியோடு தேநீர் வரவழைத்தார். மறுநாள் பத்து மணிக்கு அதே தவழல். இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டேன், கீழ்த்தள சுவிட்சையும் மேல்தள சுவிட்சையும் இணைக்கும் கேபிள் கிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்; கடற்காற்றில் கனெக்டரின் ஒரு முனை பச்சை பூத்துப்போக, மீதமிருந்ததைக் கொண்டு இணைப்பு ஒப்பேற்றிக்கொண்டது. விளக்கு எரிந்ததால் யாருக்கும் ஐயம் வரவில்லை. புதிய கனெக்டருக்கு ஆன செலவு பத்து ராண்டுக்கும் குறைவு. அந்தக் கார்டுகளைப் பற்றி அந்த முதலாளி இன்றும் என்னிடம் விசாரிப்பார்.

ஆகவே முதலில் சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டும் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஐபெர்ஃப்3 என்ற இலவச நிரலை ஒரு மேசைக் கணினியிலும் சர்வரிலும் ஓட்டுங்கள். அது டிஸ்க்கைத் தொடாமல் கம்பியை மட்டும் அளக்கும். 940 மெகாபிட்டை ஒட்டி வந்தால் கார்டு, கேபிள், சுவிட்ச் மூன்றும் தம் கடமையைச் செய்கின்றன என்று பொருள். அடுத்து, பத்து முதல் பன்னிரண்டு மணி வரை சர்வரின் நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவு செய்யுங்கள். விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் போதும். லினக்ஸில் சார் என்ற கட்டளை. உச்சத்திலும் அது 200, 300 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்றால், நான்கு வழிச் சாலையில் இரண்டு வண்டி ஓடும்போது எட்டு வழிச் சாலை போடக் கேட்கிறீர்கள். அதே நேரத்தில் டிஸ்க்கின் காத்திருப்பு நேரத்தையும் பாருங்கள். சுழலும் டிஸ்க் ஒன்று வினாடிக்கு நூற்றை ஒட்டிய சிதறிய வாசிப்புகளையே தாங்கும். 60 பேர் ஒரே நேரத்தில் சரக்கிருப்பைத் தேடினால் அது திணறும், எஸ்எஸ்டி திணறாது. என் அனுபவத்தில் நெட்வொர்க் தாமதம் என்று அழைக்கப்பட்டுப் போய்ப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை டிஸ்க்கிலோ, டேட்டாபேஸில் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் இல்லாத அட்டவணையிலோ போய் முடிந்திருக்கின்றன.

கார்டுதான் குற்றவாளி என்று காட்டும் அடையாளங்களும் உண்டு. மொத்தப் பிராசசர் பயன்பாடு பத்து விழுக்காடாக இருக்கும்போதே ஒரே ஒரு கோர் மட்டும் நூறைத் தொட்டு, அது பேக்கெட் வந்ததைக் கார்டு அறிவிக்கும் இன்டரப்ட் வேலையிலேயே மூழ்கியிருந்தால், வரிசைகள் பிரியவில்லை என்று பொருள். லினக்ஸில் ஈத்டூல் கட்டளை காட்டும் எண்ணிக்கையில் கைவிடப்பட்ட பேக்கெட்டுகள் ஏறிக்கொண்டே போனால், வந்த பேக்கெட்டுகள் காத்திருக்கும் ரிங் பஃபர் சிறிதாக இருக்கலாம். பல கார்டுகளில் அது 256 அல்லது 512 என்ற தொடக்க அளவில் விடப்பட்டிருக்கும், 4,096 வரை உயர்த்த முடியும். இந்த இரண்டையுமே பெரும்பாலும் அமைப்பை மாற்றியே தீர்க்கலாம். மாற்றிய பிறகும் தீராதபோதுதான் கடைக்குப் போவது நியாயம்.

பேக்கப் வேறு கதை. அங்கே கம்பி உண்மையிலேயே தடையாக இருக்கலாம். உங்கள் தரவு 3 டெராபைட் என்று எழுதியிருக்கிறீர்கள். வினாடிக்கு 110 மெகாபைட் வீதம் அது போக ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு பதினொன்றுக்குத் தொடங்கினால் காலை ஆறரையைத் தாண்டும், நடுவே சிறு கோப்புகள் வந்தால் இன்னும் நீளும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதோடு பொருந்துகிறது. முதல் மருந்து, ஒவ்வோர் இரவும் முழுவதையும் எடுக்காமல் மாறியதை மட்டும் எடுப்பது. உங்கள் பேக்கப் மென்பொருளில் அந்த வசதி இல்லாதிருக்க வாய்ப்பில்லை. வாரம் ஒரு முறை முழுதாக எடுக்க வேண்டும் என்றால், சர்வரிலும் பேக்கப் பெட்டியிலும் ஆளுக்கு ஒன்றாக 10 கிகாபிட் கார்டு போட்டு, இரண்டையும் சுவிட்ச் இல்லாமல், டிஏசி என்ற குட்டையான செப்புக் கேபிளால் நேரடியாக இணைத்துவிடுங்கள். பேக்கப் பெட்டியில் கார்டு செருக இடம் உண்டா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அங்கே நான்கு சுழலும் டிஸ்க்குகள் சேர்ந்து வினாடிக்கு 400 மெகாபைட் எழுதினால் வேலை இரண்டு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். அதற்கு மேல் 25 கிகாபிட் கார்டு போட்டாலும் டிஸ்க்தான் எல்லை, ஒரு நிமிடமும் குறையாது. பெரிய நிறுவனங்கள் கழற்றிப்போட்ட இன்டெல் எக்ஸ்520 வகைக் கார்டுகள் பழைய பொருள் சந்தையில் உங்களுக்குச் சொன்ன விலையில் சிறு பங்குக்கே கிடைக்கின்றன; 2009-இல் வந்த வடிவமைப்பு, குறைகள் எல்லாம் தெரிந்து திருத்தப்பட்டது. விண்டோஸ் என்றால் உங்கள் பதிப்புக்கு டிரைவர் உண்டா என்று வாங்கும் முன் பாருங்கள். போலிகள் உலவுவதால் முகம் தெரிந்த விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

மதர்போர்டில் இருக்கும் நான்கு கிகாபிட் போர்ட்டுகளையும் ஒன்றாகக் கட்டினால் 4 கிகாபிட் ஆகிவிடாதா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். பலர் ஏமாறும் இடம் இது. கட்டலாம், ஆனால் வழக்கமான எல்ஏசிபி முறையில் இரு கணினிகளுக்கு இடையிலான ஓர் உரையாடல் ஒரு கம்பியிலேயே போகும். 60 பேரின் போக்குவரத்து நான்கிலும் பரவும். பேக்கப் ஒரே உரையாடலாக இருந்தால் மூன்று கம்பிகள் சும்மா இருக்க, நான்காவதில் பழைய 117 மெகாபைட்டே போகும். விண்டோஸின் புதிய கோப்புப் பகிர்வு முறை ஒரே நகலெடுப்பைத் தானே பல கம்பிகளில் பிரித்துக்கொள்ளும் என்பது விதிவிலக்கு. கம்பி ஒன்று அறுந்தால் மற்றவை தாங்கும் என்பதற்காகவே கட்டிவைப்பது நல்லது, அதற்கு மட்டும் நான் முழு மனதோடு பரிந்துரைப்பேன்.

கார்டு வாங்குவது என்று முடிவானால் இரண்டு நடைமுறைச் செய்திகள். சாதாரண ஆர்ஜே45 முனை கொண்ட 10 கிகாபிட் கார்டு வசதியாகத் தோன்றும். ஆனால் செப்புக் கம்பியில் அந்த வேகத்தை எட்ட அது போர்ட்டுக்குப் பல வாட் மின்சாரம் தின்று சூடாகும், 100 மீட்டர் தூரத்துக்குக் கேட்6ஏ கேபிளும் கேட்கும். அறைக்குள்ளேயே இரண்டு மூன்று மீட்டர் என்றால் எஸ்எஃப்பி+ என்ற வேறு வகைச் செருகு முனையும் டிஏசி கேபிளும் குளிர்ச்சியானவை, விலையும் குறைவு. இரண்டாவது, சர்வரில் காலியாக இருக்கும் ஸ்லாட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய பிசிஐக்குப் பின் வந்த பிசிஐஇ-இன் இரண்டாம் தலைமுறையில், நான்கு தடங்கள் கொண்ட ஸ்லாட் ஒரு திசையில் 16 கிகாபிட்டையே தாங்கும். அதில் இரட்டை 25 கிகாபிட் கார்டைச் செருகினால் விலையில் பாதிக்கு மேல் ஸ்லாட்டிலேயே தங்கிவிடும்.

இனி நான் உறுதியாகச் சொல்லத் தயங்கும் ஒன்று. விலையுயர்ந்த கார்டு அதிக நாள் உழைக்குமா என்பதற்கு என் பட்டறிவு தெளிவான விடை தரவில்லை. இந்த ஊரில் நான் கழற்றி எறிந்த கார்டுகளில் பல, மின்வெட்டு முடிந்து மின்சாரம் பாய்ந்து திரும்பிய வேளையிலோ கோடை இடியிலோ இறந்தவை. இடி மின்னலின் பாய்ச்சல் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை. அலுவலகத்துக்கும் பின்புறக் கிடங்குக்கும் இடையே திறந்த வெளியில் செப்பு ஈதர்நெட் கேபிள் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதைக் கண்ணாடி இழையாக மாற்றுவது, 18,000 ராண்டை வைத்து உங்கள் சர்வருக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியமாக இருக்கும். அதேபோல் இரட்டைப் போர்ட் கார்டு ஒன்றை வாங்கி இரண்டையும் மாற்று வழியாக வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு, கார்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். மதர்போர்டு போர்ட் ஒன்று, தனிக் கார்டு ஒன்று என்று பிரித்து வைப்பதையே செய்துவருகிறேன்.

விற்பனையாளரை நான் குறை சொல்லவில்லை. அவர் தமக்குத் தெரிந்த பொருளைச் சொல்கிறார். அந்தக் கார்டை ஒரு வாரத்துக்குச் சோதனைக்குத் தரும்படி கேளுங்கள், தருபவர்கள் இருக்கிறார்கள். மாதக் கடைசி வாரத்தில், பட்டியல் போடும் நெருக்கடி உச்சத்தில் இருக்கும்போது, கார்டு இல்லாமல் இரண்டு நாள், கார்டோடு இரண்டு நாள் என்று ஒரே திரையைத் திறக்க ஆகும் வினாடிகளைக் கைக்கடிகாரத்தாலேயே குறித்துவையுங்கள். அந்த எண்களோடு சுவிட்சின் போர்ட் வேகங்கள், ஐபெர்ஃப்3 முடிவு, பத்து மணியின் டிஸ்க் காத்திருப்பு, கிளையிலிருந்து பிங் செய்தால் வரும் மில்லி வினாடி ஆகியவற்றையும் இங்கே எழுதுங்கள். எங்கே தடைபடுகிறது என்று அப்போது கை வைத்துக் காட்ட முடியும்.